குச்சி நட்டுக் கீரை வளர்க்கலாம்: துளிரைப் பார்த்து அவசரப்படாதீர்கள்

சிறுகீரை விதைத்தால் இருபத்தைந்து நாளில் பிடுங்கிச் சமைத்துவிடலாம், ஆனால் பிடுங்கிய மறுநாள் தொட்டி காலி. மறுபடி மண்ணைக் கிளறி, மறுபடி விதைத்து, எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் காவல் காக்க வேண்டும். சென்னையில் எங்கள் மாடியில் இருக்கிற கொஞ்சம் இடத்துக்கு இது கட்டுப்படியாகவில்லை. அதனால் ஒரு தடவை வேர் பிடித்தால் வருஷக்கணக்கில் கிள்ளிக்கொண்டே இருக்கக்கூடிய கீரைகளுக்கு மாறினேன். பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, தவசிக்கீரை, சாயா கீரை. எல்லாமே குச்சியிலிருந்தோ தண்டிலிருந்தோ வருபவை. தவசிக்கீரைக்கு இது நான்காவது வருஷம், இன்னும் வாரம் ஒரு பொரியலுக்குக் குறையாமல் கொடுக்கிறது.

குச்சி எங்கே கிடைக்கும்

பொன்னாங்கண்ணிக்கு எங்கேயும் அலைய வேண்டாம். கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கி, இலையை ஆய்ந்து சமையலுக்கு எடுத்துக்கொண்டு தண்டை வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் அடிப்பக்கக் கணுக்களைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பாருங்கள், சிலவற்றில் நூல் மாதிரி வெள்ளை வேர் ஏற்கெனவே எட்டிப் பார்க்கும். அந்தத் தண்டுகள்தான் முதலில் பிடிக்கும். கொடிப்பசலையும் இப்படியே. தவசிக்கீரையும் சாயாவும் கடையில் கட்டாகக் கிடைப்பது அபூர்வம், வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். யாரும் இல்லையென்றால் நர்சரியில் ஒரே ஒரு தவசிக்கீரைச் செடி வாங்கினால் போதும் (மல்டிவைட்டமின் கீரை என்று கேட்டால்தான் பல இடங்களில் எடுத்துத் தருகிறார்கள்). அது வளர்ந்த பிறகு அதிலிருந்தே பத்துச் செடி ஆக்கிக்கொள்ளலாம்.

வெட்டுவது

தவசிக்கீரைக்கு நுனிப்பச்சையும் வேண்டாம், அடிமரமும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய, பென்சில் கனமுள்ள நடுப்பகுதிதான் சரி. ஒரு ஜாண் நீளம், நாலு கணுவாவது இருக்கட்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள். இது அழகுக்காக இல்லை, பத்துக் குச்சியை ஒன்றாகப் போட்டுவைத்தால் எது தலை எது கால் என்று தெரியாமல் போகும். தலைகீழாக நட்ட குச்சி பிழைக்காது.

கீழே இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும், அங்கேயிருந்துதான் வேர் வரும். இலைகளை எடுத்துவிடுங்கள், உச்சியில் ஒன்றிரண்டு மட்டும் இருக்கலாம், அதையும் பாதியாக நறுக்கிவிட்டால் நல்லது. வேர் இல்லாத குச்சி தண்ணீரைச் சரியாக உறிஞ்ச முடியாது, இலை மட்டும் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கு இடித்தால் குச்சி காய்ந்துவிடும்.

சமையலறைக் கத்தரிக்கோலைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். அது தண்டை நசுக்கும், நசுங்கின இடத்திலிருந்துதான் அழுகல் தொடங்குகிறது. பசலை, பொன்னாங்கண்ணி மாதிரி மென்தண்டுக்குப் பேப்பர் வெட்டும் பிளேடு போதும். கட்டைக்குச்சிக்குக் கத்தி ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் வகைக் கவாத்துக் கத்தரி வாங்குங்கள். கற்றாழைச் சோற்றில் தோய்ப்பது, தேன் தடவுவது, வேர் ஊக்கிப் பொடி எல்லாவற்றையும் நானும் செய்து பார்த்தேன். இந்தக் கீரைகளுக்கு அவற்றால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மண்

செம்மண், மணல், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தடவை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். உரம் எதுவும் வேண்டாம், மண்புழு உரம்கூட இப்போது வேண்டாம். வேர் வந்த பிறகு போடலாம்.

தொட்டிக்குப் பதில் நான் பயன்படுத்துவது ஜூஸ் கடையில் தருகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டம்ளர். ஆணியைச் சூடுபண்ணி அடியில் நாலு ஓட்டை போட்டு, டம்ளரைச் சுற்றிச் செய்தித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். வேருக்கு இருட்டு கிடைக்கும், வேண்டும்போது தாளை விலக்கிப் பார்த்தும் கொள்ளலாம். நர்சரித் தட்டைவிட இது எனக்கு நூறு மடங்கு உபயோகம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

துளிர் வந்தாச்சு, வேர் வந்ததா?

இந்தப் பதிவே இந்த இடத்துக்காகத்தான்.

முதல் தடவை ஒரு சித்திரை மாதத்தில் பத்துத் தவசிக்குச்சி நட்டேன். ஒன்பதாம் நாள் எல்லாவற்றிலும் பச்சைப் பச்சையாகத் துளிர். பிடித்துவிட்டது என்று நினைத்து, நிழலிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தேன், ஒரு பிடி மண்புழு உரமும் போட்டேன். மூன்றே நாளில் துளிர் தொங்கிப்போனது. தண்ணீர் பற்றவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றினேன். கடைசியில் ஒன்றைப் பிடுங்கினால் எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கறுத்திருந்தது, விரலால் தொட்டதும் தோல் வழுக்கிக்கொண்டு உரிந்தது. ஒரு வேர்கூட இல்லை. மற்ற ஒன்பதும் அதே கதி.

குச்சிக்குள் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. அதைச் செலவழித்து முதல் துளிரை விட்டுவிடும், அதற்கு வேர் தேவையே இல்லை. நாம் அந்தத் துளிரைப் பார்த்து வெயிலுக்கு மாற்றினால், வேரில்லாத இலை வெயிலைத் தாங்காது.

அடுத்த தடவை ஆவணியில், மேலே சொன்ன டம்ளரில் வைத்தேன். எட்டாம் நாள் துளிர் வந்தது, நான் கை வைக்கவில்லை. பதினேழாம் நாள் தாளை விலக்கிப் பார்த்தபோது வெட்டுவாயின் ஓரத்தில் பொரி ஒட்டின மாதிரி வெள்ளையாக ஒரு புடைப்பு. வெட்டுக்காயம் ஆறுகிற அடையாளம் அது, வேர் இல்லை. இருபத்து நாலாம் நாள்தான் முதல் வேர் டம்ளர் சுவரில் வந்து முட்டி நின்றது. அதற்கப்புறம் ஒரு வாரம் கழித்து இலைகளின் இரண்டாவது அடுக்கு வந்தது, முதல் அடுக்கைவிடப் பெரிதாக, கரும்பச்சையாக.

ஆகவே தவசிக்கீரைக்கு ஒரு மாதம் முழுசாகக் கொடுங்கள். நேர் வெயில் படாத, வெளிச்சமான இடம். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். வேர் தெரிந்த பிறகு அல்லது இரண்டு விரலால் லேசாக இழுத்தால் குச்சி மண்ணைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கும்போதுதான் பெரிய பைக்கு மாற்றம். மாற்றிய பிறகும் ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டுங்கள்.

மற்ற கீரைகள்

பொன்னாங்கண்ணிக்கும் பசலைக்கும் இவ்வளவு பொறுமை தேவையில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் கணு மூழ்கும்படி நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் வேர் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றுங்கள். வேர் ஒரு அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், நீளட்டும் என்று விட்டால் தண்ணீரிலே வளர்ந்த வேர் மண்ணில் வைக்கும்போது ஒடிந்துபோகும். பொன்னாங்கண்ணியை நேரடியாக மண்ணில் படுக்கவைத்து மேலே லேசாக மண் தூவினாலும் கணுவுக்குக் கணு பிடித்துக்கொள்ளும்.

சாயா மெக்சிகோவின் யுகடான் பக்கத்துச் செடி. வெட்டினால் பால் வடியும், சில செடிகளில் சுணையும் இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டின குச்சியை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுப் பால் காய்ந்த பிறகு நடுங்கள், ஈரத்தோடு நட்டால் அழுகும்.

முருங்கை நடத் தரை இருந்தால் போத்தாகவே (வெட்டிய கிளைத்துண்டாகவே) நட்டுவிடுங்கள், மூன்று நாலு அடி நீளம், கைத்தடி கனம். மேல் வெட்டில் சாணி அப்பி வைப்பார்கள் இல்லையா, அது உச்சி காய்ந்து வெடிக்காமல் இருக்கத்தான். துளிர்க்கிற வரை தண்ணீரைக் குறைவாகவே விடுங்கள்.

பறிப்பது

தவசிக்கீரையை விட்டால் ஆளுயரத்துக்கு மேல் போய்விடும், கீழே வெறும் குச்சியாக நிற்கும். இடுப்பளவில் நறுக்கி நிறுத்துங்கள். அப்புறம் இலையை உருவாமல் நுனியோடு ஒரு ஜாண் ஒடித்து எடுங்கள், ஒடித்த இடத்தில் இரண்டு கிளை வரும். மாவுப்பூச்சி இதற்கு ரொம்பப் பிரியம். ஆரம்பத்திலேயே சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தண்டைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலோடு தெளிப்பேன்.

பின்சேர்க்கை 1: ஈரம் காக்கக் குச்சியின் மேல் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தவர்களுக்குக் குச்சியில் பூஞ்சை வந்ததாகச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். மென்தண்டுக்கு இப்படிப் பாட்டிலைக் கவிழ்க்கலாம், ஆனால் தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் திறந்து வையுங்கள். உள்ளே லேசாகப் பனி படிந்தால் போதும், சொட்டுச் சொட்டாக வழிந்தால் ஈரம் அதிகம்.

பின்சேர்க்கை 2: துளிர் ஓரம் கருகுகிறது என்று இரண்டு பேர் படம் அனுப்பினார்கள். விசாரித்தால் இருவருமே ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். வீணாகக் கூடாது என்கிற எண்ணம் நல்லதுதான், ஆனால் நம் போர் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். குச்சிக்கு மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர். நான் ஏ.சி. குழாயடியில் வாளி வைத்துப் பிடிக்கிறேன்.

பின்சேர்க்கை 3: தவசிக்கீரையை ஜூஸ் போட்டுக் குடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க என்று இதைப் பச்சையாகச் சாறெடுத்துத் தினமும் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டது. வாரம் ஒரு தடவை, பருப்புப் போட்டோ முட்டையோடு வதக்கியோ நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். சாயா இலையிலும் பச்சையாக இருக்கும்போது சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. இருபது நிமிஷம் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு அப்புறம் சமையுங்கள், அலுமினியப் பாத்திரம் வேண்டாம், எவர்சில்வரோ மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள்.