பெட்டியைப் பிரிக்கும் முன்

போன வருஷம் ஒரே மாதத்தில் நாங்கள் இருவரும் பெரம்பூர் வீட்டுக்குத் திரும்பினோம். எனக்கு பெங்களூரு ஆபீஸ் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. தம்பிக்கு புனேயில் வேலை போய்விட்டது. அவனுக்கு அன்றைக்கே வாசல் சாவி கிடைத்தது. நான் கேட்டதற்கு, "நாங்கதான் வீட்லயே இருக்கோமே, உனக்கு எதுக்குடி?" என்றாள் அம்மா.

அதனால், திரும்பிவரும் பெண்ணுக்கு முதல் வேலை சாவி. அனுமதி கேட்காதீர்கள், ஒரு வாரம் பஞ்சாயத்து நடக்கும். மார்க்கெட் பக்கம் ஒரு டூப்ளிகேட் போட்டுக்கொண்டு, "போட்டுட்டேம்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். "பொண்ணுகிட்ட காசு வாங்கறதா?" என்று அப்பா மறுப்பார். பாசம்தான். ஆனால் காசு கொடுக்காதவரை அந்த வீட்டில் நீங்கள் ஸ்கூல் போகும் பிள்ளை. கையில் கொடுத்தால் திரும்பி வரும். ஒரு பில்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடும். பகலெல்லாம் ஏசி ஓடினால் தாண்டாமல் எப்படி? நான் கட்ட ஆரம்பித்ததும் "யார் ஏசி போட்டது?" விசாரணை நின்றது.

சம்பளத்தில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வருகிறது, பழைய வரி முறையில் இருக்கிறீர்கள், வீடும் அப்பா பேரில் என்றால் அவருக்கு வாடகையே போடலாம், உங்கள் வரி குறையும். வருஷத்துக்கு 1 லட்சம் தாண்டினால் அவருடைய பான் எண் வேண்டும். அவர் அதை வருமானமாகக் காட்டவும் வேண்டும். எங்கள் அப்பா முதல் ரசீதில் கையெழுத்துப் போட மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

அடுப்படிதான் பெரிய விஷயம். "சும்மாதானே உக்காந்திருக்க, குக்கர் மூணு விசில் வந்தா அணைச்சிடு" என்று ஆரம்பிக்கும். மீட்டிங்கில் இருப்பவள் சும்மா இருக்கிறாள்; சோபாவில் செல்போன் பார்ப்பவன் வேலை தேடுகிறான். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிறவர்களிலேயே பெண்களுக்கு நாளுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. எங்கள் வீட்டில் 97 என்பதே பெருமைக்குச் சொன்னது.

ஒத்தாசை என்று எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதற்கு முடிவே கிடையாது. ஒரு வேலையை முழுசாக எடுங்கள்: எனக்குக் காலை டிபன், ஒன்பது மணிவரை. அதே நாளில் தம்பிக்கும் ஒன்றை ஒதுக்க வையுங்கள். ஒரு மாதம் போனால் அம்மாவே அவனுக்காகப் பரிந்து பேசுவாள்.

உறவுக்காரர்களுக்கு என்ன பதில் என்பதை அம்மாவோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். எனக்குத் தெரியாமல் ஜாதகம் யாருக்கும் போகக்கூடாது, அது ஒன்றுதான் என் நிபந்தனை. தம்பிக்கு வரன் கேள்வி இல்லை, "இன்னும் வேலை ஆகலையா?" உண்டு. அத்தை வந்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவான். சாவி கிடைத்தவனுக்கும் அந்த வீட்டில் நிம்மதி இல்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது அவன். உப்பு போட மறந்துவிடுகிறான். அம்மா போடப் போனால், நான் டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துவிடுகிறேன்.