அம்பாசடர் முன் சீட் சாய்வு: கோளாறு ஃபோமில் இல்லை

1984 அம்பாசடர். முன் சீட் ஓட்டுபவர் பக்கம் சாய்ந்து, அரை மணி ஓட்டினாலே இடுப்பு பிடித்துக்கொண்டது. ரெக்சின் உறை மாற்றினேன், சாய்வு அப்படியே. கெட்டி ஃபோம் போட்டேன். மூன்றே வாரத்தில் மறுபடி பள்ளம்.

சீட்டுக்கடியில் பெருக்கும்போதுதான் கண்ணில் பட்டது: மேட் மேல் மஞ்சள் பொடி. புது ஃபோம் அறுபட்டு உதிர்ந்திருந்தது! சீட்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். சுருள் ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே இருக்க வேண்டிய சாக்குத்துணி இத்துப்போய் நார்நாராகத் தொங்கியது. ஓரத்து ஸ்பிரிங்குகளில் இரண்டு, கட்டு விட்டுச் சரிந்திருந்தன. சாய்வு அதனால்தான்; நடுவே துணி இல்லாததால் ஸ்பிரிங் கம்பியே ஃபோமை அறுத்திருக்கிறது.

அவற்றை நிமிர்த்திக் கட்டுக்கம்பியால் இறுக்கினேன். கம்பி முனைகளைக் கீழ்நோக்கி மடக்குங்கள், இல்லாவிட்டால் அதுவும் அறுக்கும். மேலே சணல் சாக்கு இரண்டு மடிப்பு விறைப்பாக இழுத்துத் தைத்து, தேங்காய்நார் மெத்தை, பிறகு ஃபோம். ரெக்சினை வெயிலில் போட்டு இளகவைத்து இழுத்ததில் மூலையில்கூடச் சுருக்கமில்லை. இப்போது பொடியும் இல்லை, இடுப்பு வலியும் இல்லை. அப்பாடா!