கரண்ட் பில்லும் கங்கைகொண்டான் தண்ணீரும்: நவதாராளவாதம் பற்றிப் பேசும்போது செய்யும் தவறுகள்

சந்தைக்கும் தனியாருக்கும் முதலிடம் தரும் பொருளாதாரக் கொள்கைதான் நவதாராளவாதம். அந்தப் பேச்சை எடுத்தாலே 'அரசாங்கம் கையைக் கழுவிவிட்டது' என்று ஆரம்பிப்பார்கள். முதல் தவறு அதுதான். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் ஆலைகளுக்கு நிலம் ஒதுக்கியது சிப்காட் என்ற அரசு நிறுவனம். குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீரை ஆயிரம் லிட்டர் 37.50 ரூபாய் என்று கொடுத்ததும் அதே சிப்காட். அதை எதிர்த்த வழக்குகளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் அவை தள்ளுபடியாகின. கையைக் கழுவின அரசு இவ்வளவு வேலை பார்க்குமா?

அடுத்தது, எல்லாப் பழியையும் ஆளுங்கட்சி தலையில் போடுவது. கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்வோம். கட்டணத்தை நிர்ணயிப்பது அமைச்சர் அல்ல, மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த அமைப்பு அது. அதன் உறுப்பினர்களுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. விவசாயப் பம்புசெட்டுக்கு 1990-இல் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 65 என்ன சொல்கிறது? மானியம் கொடுக்க நினைக்கும் மாநில அரசு அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். சரி, பட்ஜெட்டிலிருந்து கட்டலாம் என்றால், அதே 2003-இல் தமிழ்நாடு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்து பற்றாக்குறைக்கு உச்சவரம்பு வைத்தாயிற்று. ஒரு சட்டம் பணத்தைக் கேட்கிறது, இன்னொன்று பெட்டியைப் பூட்டுகிறது. யார் கோட்டைக்குப் போனாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நின்றாக வேண்டும்.

ஆணையத்தின் 2022 கட்டண உத்தரவு இன்னும் கெட்டி. விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஒவ்வொரு ஜூலையும், 6 சதவீதத்துக்கு மிகாமல், கட்டணம் தானாக ஏறும். 2023-இல் 2.18 சதவீதம், வீடுகளுக்கான பங்கை அரசே ஏற்றது. மறு வருடம் 4.83 சதவீதம், வீடுகளுக்கும் சேர்த்து.

'மின்வாரியத்தை யாரும் விற்கவில்லையே' என்று ஆறுதல் அடைவதும் தவறு. ராதாபுரம் பக்கம் சுற்றும் காற்றாலையின் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகவே கொண்டுபோய் வெளியூர் மில் பயன்படுத்தலாம். மின்சாரச் சட்டமே அந்த வழியைத் திறந்துவைத்திருக்கிறது. வாரியத்துக்குக் கிடைப்பது கம்பி வாடகை போன்ற கட்டணங்கள்தான்.

இதற்காக, 'ஒன்றும் செய்ய முடியாது' என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயத்தில் ஆணையத்துக்கு எழுத்துமூலம் வழிகாட்ட, மின்சாரச் சட்டத்தின் பிரிவு 108 மாநில அரசுக்கு இடம் தருகிறது. அதை ஏன் பயன்படுத்தவில்லை என்று எம்எல்ஏவிடம் கேட்கலாம். ஆணையம் கருத்துக்கேட்பும் நடத்துகிறது. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் நடந்தது. திருநெல்வேலிக்காரர் பேச நினைத்தால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. புதிய கட்டணம் செப்டம்பர் 10-இல் அமலுக்கு வந்தது.