மார்க்கரைக் காணோமா? ‘உதிர்ந்துவிட்டது’ என்று எழுதும் முன்

ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை லேசர் ஒளியில் ஓட்டி, மேலிருக்கும் புரதங்களை அளக்கும் முறை) திரையில், லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய் செல்லின் மேல் இருக்க வேண்டிய ஒரு புரதத்தை, அதாவது மார்க்கரைக் காணோம் என்றதும், “செல் அதை உதிர்த்துவிட்டது” என்று எழுதிவிடுகிறார்கள். சென்னையில் பயோடெக் மாணவர்களின் புராஜெக்ட் அறிக்கைகளைத் திருத்தும்போது நான் அதிகம் அடிக்கோடிடும் வரி இதுதான். ஒரு புரதம் காணாமல் போக நாலைந்து வழிகள் உண்டு. மற்றவற்றை விலக்கிப் பார்க்காமல் உதிர்தல் என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளம்புகின்றன.

உதிர்தல் என்றால், செல் சவ்வுக்குச் சற்று வெளியே ஒரு நொதி புரதத்தை வெட்டுவது. பெரும்பாலும் ஆடம்10, ஆடம்17 என்ற இரண்டு நொதிகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. துத்தநாகம் இல்லாமல் இவை வெட்டாது. வெளித்துண்டு ரத்தத்திலோ வளர்ப்பு ஊடகத்திலோ கலந்துவிடும், அடிக்கட்டை செல்லிலேயே நிற்கும். வெள்ளணுக்களின் மேலிருக்கும் எல்-செலக்டின், அதாவது சிடி62எல் (சிடி என்று தொடங்குபவை செல் மேற்பரப்புப் புரதங்களின் பெயர்கள்), வெட்டுப்பட்டால் சவ்வில் சுமார் 6 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அளவுக்கு ஒரு கட்டை மிஞ்சும். ஆகவே இரண்டு சாட்சிகள் வேண்டும்: திரவத்தில் குட்டையான துண்டு, செல்லில் அடிக்கட்டை. அப்புறம், அந்த நொதியைத் தடுத்தால் புரதம் மேற்பரப்பில் நிலைக்கிறதா என்றும் பார்த்துவிட்டால் பேச்சே இல்லை.

இந்தச் சாட்சிகள் இல்லையென்றால் வேறு பக்கம் தேட வேண்டும். சிடி33, சிடி22 இரண்டும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் மூலக்கூறு) ஒட்டியதும் செல்லுக்குள் இழுக்கப்படுபவை. ஜெம்டுசுமாப், இனோட்டுசுமாப் மருந்துகள் இந்தக் குணத்தை நம்பித்தான் விஷத்தை உள்ளே அனுப்புகின்றன. சிடி20-இல் ஒட்டும் ரிட்டுக்ஸிமாப் மருந்து ஏற்றிய நோயாளியின் ரத்தத்தில் சிடி20 தெரியவில்லை என்றால், மருந்தே அந்த இடத்தில் உட்கார்ந்து, சோதனைக்கு நாம் போடும் ஆன்டிபாடியை ஒட்டவிடாமல் மறைத்திருக்கலாம். அல்லது மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் மருந்தோடு சேர்த்து சிடி20-ஐயும் செல்லின் மேலிருந்து பிய்த்துத் தின்றிருக்கலாம். சிடி19 கதை இன்னொரு மாதிரி. நோயாளியின் டி செல்களையே மாற்றி, சிடி19 உள்ள செல்களைத் தாக்கவிடும் கார்-டி சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பும் சிலரிடம் சிடி19 மேற்பரப்பில் இருக்காது. பல நேரம் மரபணு மாற்றமோ, இரண்டாவது எக்ஸான் (மரபணுவின் ஒரு துண்டு) விடுபட்ட ஆர்என்ஏவோ அதற்குக் காரணம். 2023 அக்டோபரில் நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை அனுமதி பெற்ற பிறகு இந்தியாவிலும் இந்தக் கேள்வி சிகிச்சை முடிவைத் தொடுகிற கேள்வி ஆகிவிட்டது. அங்கே “உதிர்ந்தது” என்று போகிற போக்கில் எழுதினால் அடுத்த மருந்தைத் தேர்வு செய்பவரைத் தவறான திசையில் அனுப்புகிறோம்.

அடுத்தது சாம்பிள். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நோயாளியின் செல்கள் திரவ நைட்ரஜன் டப்பாவிலிருந்து வெளியே வருகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க, ஹாஸ்டல் நண்பனிடம் காலையில் எடுத்த புது ரத்தம். இரண்டையும் ஓட்டினால் நண்பனின் லிம்போசைட்டுகளில் (ஒரு வகை வெள்ளணு) சிடி62எல் பளிச்சென்று திரையின் வலப்பக்கம், அதாவது அதிகமாக, நிற்கும்; நோயாளியின் செல்களில் குறைந்து இடப்பக்கம் சரிந்து கிடக்கும். “லுக்கேமியா செல்கள் எல்-செலக்டினை உதிர்க்கின்றன” என்று தலைப்பும் தயாராகிவிடும். ஆனால் உறையவைத்து உருக்கினாலே நல்ல செல்லிலும் சிடி62எல் குறையும். நண்பனின் ரத்தத்தையும் அதே முறையில் உறையவைத்து, அதே நாளில் உருக்கி ஓட்டாத வரை அந்தப் படத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.

வெயிலும் விளையாடும். தாம்பரத்தில் காலையில் எடுத்த ஊதா மூடி டியூப், சித்திரை வெயிலில் டூவீலர் டிக்கியில் கிடந்து மாலை சேத்துப்பட்டு போய்ச் சேர்ந்தால், உள்ளே பாதி செல்கள் ஏற்கெனவே நொந்திருக்கும். நேரம் ஆக ஆகச் சில மார்க்கர்கள் தானாக மங்கும். மயலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு புற்றுநோய்) செல்களில் சிடி138 இதற்குப் பேர்போனது. வெப்பம் தாங்கும் பெட்டி வேண்டும், டியூப் நேரடியாக ஐஸைத் தொடக் கூடாது, எடுத்த நேரத்தை டியூப்பின் மேலேயே எழுத வேண்டும். “மேடம், சாம்பிள் நேத்தே வந்துடுச்சு” என்று யாராவது சொன்னால், அந்த வரி நோட்டுப் புத்தகத்தில் ஏறியே ஆக வேண்டும். ஒட்டி வளரும் செல்களோடு பழகியவர்கள் கை தானாக டிரிப்சினை (செல்களைப் பிரித்தெடுக்கப் போடும், புரதம் வெட்டும் நொதி) எடுப்பதையும் பார்க்கிறேன். லுக்கேமியா செல்கள் மிதப்பவை, டிரிப்சின் தேவையே இல்லை. போட்டால், வெட்டியது நீங்கள்தான்.

திரவத்தில் புரதம் கிடைத்தது, எலைசாவில் (ஆன்டிபாடி கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) நிறம் ஏறியது என்பதோடு திருப்தி அடைவதும் தவறுதான். செத்து வெடித்த செல்லும் புரதத்தைக் கொட்டும். செல்லிலிருந்து பிரியும் நுண்குமிழிகள் முழுப் புரதத்தையே சுமந்து போகும். எலைசாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. செத்த செல்லில் ஏறும் 7-ஏஏடி மாதிரி ஒரு சாயம் போட்டு உயிருள்ள செல் எத்தனை என்று பாருங்கள். திரவத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) ஓட்டி, பட்டை முழு நீளமா, குட்டையா என்றும் பாருங்கள். முழு நீளம் என்றால் அது வெட்டுப்பட்டதல்ல.

புற்றுசெல் மட்டும்தான் உதிர்க்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆரோக்கியமானவர் ரத்தத்திலும் கரைந்த எல்-செலக்டின் தாராளமாக இருக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தூண்டப்பட்டால் அதை உதிர்ப்பது இயல்பு. லுக்கேமியா செல் அந்த இயல்பையே தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. பல்லி வாலை விட்டுவிட்டு ஓட, பூனை துடிக்கும் வாலிடம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். புற்றுசெல்லின் மேலிருந்து உதிர்ந்த மிக்கா புரதமும் அப்படித்தான்: புற்றுசெல்லைக் கொல்ல வரும் என்கே செல்லின் என்கேஜி2டி என்ற கைகளைப் பிடித்துக்கொண்டு, அசல் செல்லைத் தப்பவிடுகிறது.

சரி, வெட்டும் நொதியையே தடுத்துவிட்டால்? செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நாட்ச் சமிக்ஞைக்கு ஆடம்10 வேண்டும், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் வெளியேற ஆடம்17 வேண்டும். இந்த மரபணுக்கள் இல்லாத எலிகள் கருவிலோ பிறந்தவுடனோ இறந்துவிடுகின்றன. மயலோமாவில் செல்லின் மேலிருக்கும் பிசிஎம்ஏ புரதத்தை வெட்டும் காமா-செக்ரடேஸ் என்ற இன்னொரு நொதியை மருந்தால் தடுத்தால் செல்லின் மேல் பிசிஎம்ஏ கூடுகிறது, இது உண்மையிலேயே நம்பிக்கை தரும் வழி. ஆனாலும் குடல் அதற்கு விலை கொடுக்கிறது, வயிற்றுப்போக்கு வரும்.

நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. கரைந்த சிடி25, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற சோதனைகளை நீங்களாகவே ஆப்பில் புக் செய்துவிட்டு, எண் ஏறியதைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். கரைந்த சிடி25 காசநோயிலும் வேறு தொற்றுகளிலும்கூட ஏறும். பீட்டா-2 சிறுநீரகம் வழியாக வெளியேறுவது; சிறுநீரகம் மந்தமானால் புற்றுநோய் இல்லாமலே கூடும். டாக்டர் கேட்டு எடுக்கிற சோதனை என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.