நார்நாராய்ப் பிரியும் மெக்சிகோ மாட்டுக்கறி: ஸ்லோ குக்கரில் முதல்முறை செய்பவர்களுக்கு

முதல் தடவை இதைச் செய்தபோது ஆறு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தேன். முள்கரண்டியால் குத்தினால் கறி ரப்பர் மாதிரி எதிர்த்தது. ஐயோ, வேக்காடு கூடிப்போய் இறுகிவிட்டதே என்று பதறி அணைத்துவிட்டேன். அன்றிரவு நாங்கள் கத்தியால் அறுத்து அறுத்துச் சாப்பிட்டோம். உண்மையில் அந்தக் கறி வேகவே இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் தானாகப் பிரிந்து வந்திருக்கும்.

இந்தப் பதிவில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஸ்லோ குக்கரில், அதாவது மெதுவாகப் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரச் சட்டியில், இந்த வகைக் கறி கடினமாக இருந்தால் நேரம் பத்தவில்லை என்று அர்த்தம். மற்ற எல்லாத் தவறுகளையும் சரிசெய்துவிடலாம்.

மெக்சிகோவில் இப்படிப் பிய்த்த மாட்டுக்கறிக்கு ‘கார்னே தெசெப்ராதா’ என்று பெயர். தெசெப்ராதா என்றால் நார் நாராகப் பிரித்தது. அங்கே வீடுகளில் இதைப் பானையிலோ பிரஷர் குக்கரிலோ வேகவைப்பதுதான் வழக்கம். ஸ்லோ குக்கர் எல்லைக்கு வடக்கே, அமெரிக்காவில் வந்த பழக்கம். ஆனாலும் மெதுவாக வேகவைப்பது மெக்சிகோவுக்குப் புதிதல்ல. இதால்கோ மாநிலத்தில் ஆட்டுக்கறியை மாகே என்ற கற்றாழை மாதிரியான செடியின் மடல்களில் பொதிந்து, மண்ணுக்குள் தோண்டிய சூடான குழியில் இரவு முழுக்க விடுவார்கள். அதுதான் பார்பகோவா. வடக்கு மெக்சிகோவிலும் தெற்கு டெக்சஸிலும் அதையே மாட்டுத் தலைக்கறி, கன்னக்கறியில் செய்வார்கள். நாம் குழி தோண்டப் போவதில்லை, மின்சாரச் சட்டியை நம்பப் போகிறோம்.

எந்தக் கறி வாங்குவது

கடைக்காரரிடம் தோள்பட்டைப் பகுதி கேளுங்கள். அமெரிக்கக் கடைகளில் ‘சக் ரோஸ்ட்’ என்று இருக்கும். வெள்ளைக் கொழுப்பு கோடு கோடாக ஓடியிருக்க வேண்டும், ஊடே சவ்வும் தெரிய வேண்டும். கொழுப்பே இல்லாத சிவந்த, அழகான துண்டைப் பார்த்து மயங்காதீர்கள். அது வறண்ட பஞ்சாகத்தான் வரும்.

காரணம் எளிது. மாடு அதிகம் உழைக்கும் தசையில் கொலாஜன் என்ற இணைப்புப் பொருள் நிறைய இருக்கும். அதுதான் பச்சைக்கறியைக் கடினமாக்குவது. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் பல மணி நேரம் இருந்தால் அது இளகி ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் பாயா குடித்தபின் உதடு ஒட்டுமே, அதே பொருள்தான். இழைகளை ஒட்டிப் பிடித்திருந்தது கரைந்துபோவதால் கறி நாராகப் பிரிகிறது, கரைந்த ஜெலட்டின் அந்த நாரைச் சுற்றி ஈரமாக வைக்கிறது. கறியின் நடுவே வெப்பம் 93 டிகிரியை எட்டும்போதுதான் சுலபமாகப் பிய்க்க வரும். வெப்பமானி வைத்திருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் முள்கரண்டியே போதும்.

தேவையானவை

ஆறு பேருக்குத் தாராளமாக வரும் அளவு இது. 5 அல்லது 6 லிட்டர் குக்கருக்குச் சரியாக இருக்கும்.

- மாட்டுத் தோள்பட்டைக் கறி, எலும்பில்லாமல்: 1½ கிலோ
- தூள் உப்பு: 1 மேசைக்கரண்டி
- குவாஹியோ காய்ந்த மிளகாய்: 6
- ஆன்ச்சோ காய்ந்த மிளகாய்: 3
- டப்பாவில் வரும் சிபோட்லே மிளகாய், அது ஊறியிருக்கும் அடோபோ என்ற புளிப்புக் காரச் சாற்றோடு: 1 (காரம் வேண்டுமானால் 2)
- பெரிய வெங்காயம் 1, பூண்டு 6 பல், பழுத்த தக்காளி 2
- சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு 6, கிராம்பு 2, பட்டை விரல் நுனி அளவு
- மெக்சிகோ ஓரிகானோ: 1 தேக்கரண்டி
- பிரிஞ்சி இலை 2, வினிகர் 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 3 மேசைக்கரண்டி
- தண்ணீர்: 1 கப், அதற்குமேல் வேண்டாம்

மிளகாயைப் பற்றி இரண்டு வார்த்தை. மெக்சிகோவில் பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்தபின் வேறு பெயர். பொப்லானோ காய்ந்தால் ஆன்ச்சோ, மிராசோல் காய்ந்தால் குவாஹியோ, ஹலப்பேன்யோவைப் புகையில் உலர்த்தினால் சிபோட்லே. ஆன்ச்சோ உலர்ந்த திராட்சை மாதிரி இனிப்பு மணம் தரும், குவாஹியோ நிறமும் லேசான புளிப்பும் தரும். இரண்டிலும் காரம் குறைவு. ஒன்பது மிளகாயா என்று பயப்பட வேண்டாம், இங்கே மிளகாய் காரத்துக்காக இல்லை, சாறு கெட்டியாக வருவதற்காக. நம் குழம்பில் தேங்காய் அரைத்து விடுகிறோமே, அந்த வேலையை இது செய்கிறது.

இவை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் காஷ்மீரி மிளகாயோ பியாட்கி மிளகாயோ பத்து எடுத்து, கூடவே நான்கைந்து உலர் திராட்சை சேர்த்து அரைக்கலாம். அதே ருசி வராது, ஆனால் திசை சரியாக இருக்கும். குண்டு மிளகாய் வேண்டாம், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பட்டை விஷயத்தில் ஒரு சுவாரசியம். மெக்சிகோக்காரர்கள் ‘கனேலா’ என்று விரும்பி வாங்குவது மெல்லிய சுருள் சுருளான இலங்கைப் பட்டையைத்தான். கட்டையாக, தடித்து இருக்கும் மற்ற பட்டை இருந்தால் பாதி அளவு போடுங்கள், அது மணத்தில் முரடு.

மெக்சிகோ ஓரிகானோவும் பீட்சாவில் தூவும் ஓரிகானோவும் வேறு வேறு செடிகள். குடும்பமே வேறு. பீட்சாக் கடைப் பொட்டலம்தான் இருக்கிறது என்றால் பரவாயில்லை, முக்கால் தேக்கரண்டி போடுங்கள்.

முதல் நாள் இரவு: உப்பு

கறியைக் கையளவுள்ள நான்கு பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். குழம்புக்கு வெட்டுவது மாதிரி சின்னதாக்கினால் நார் நீளமாக வராது, தூள் தூளாக உதிரும். உப்பை எல்லாப் பக்கமும் தேய்த்து, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறந்துவிட்டால் சமைப்பதற்கு முன் தேய்த்தாலும் போதும்.

உறைந்த கறியை அப்படியே ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. மெதுவாகச் சூடேறும் சட்டி அது. உறைந்த துண்டு கிருமிகள் பெருகும் மிதமான சூட்டில் நெடுநேரம் கிடக்கும். முழுக்க உருகிய பிறகே போடுங்கள்.

மிளகாய் விழுது

கைவேலை என்று சொன்னால் இதுதான். அரை மணி நேரம் ஆகும்.

மிளகாய்களின் காம்பைக் கிள்ளி, பிளந்து, விதையைத் தட்டிவிடுங்கள். தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, எண்ணெய் இல்லாமல், ஒவ்வொரு மிளகாயையும் கரண்டியால் அழுத்தி ஒரு பக்கத்துக்குப் பத்து பதினைந்து விநாடி. மணம் வந்ததும் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வற்றல் மிளகாயை வறுக்கும் கை இங்கே கொஞ்சம் அதிகமாகவே வறுத்துவிடும். இவற்றின் தோலும் சதையும் வேறு மாதிரி, ஒரு கணம் அசந்தால் கருகும். கருகியது ஒன்று உள்ளே போனாலும் மொத்த விழுதும் கசக்கும். அந்த மிளகாயைத் தூக்கிப்போட மனசு வராது, ஆனாலும் போட்டுவிடுங்கள்.

வறுத்ததைக் கொதிக்கும் தண்ணீரில் மூழ்கவைத்து இருபது நிமிடம் மூடுங்கள். அதே கல்லில் தக்காளி, பாதி வெங்காயம், தோலோடு பூண்டு எல்லாவற்றையும் கரும்புள்ளி விழும்வரை சுடுங்கள். சீரகம், மிளகு, கிராம்பு, பட்டையை அரை நிமிடம் சூடுகாட்டினால் போதும்.

இப்போது ஊறவைத்த தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுங்கள். கசப்பில்லை என்றால் அதில் ஒரு கப் எடுத்து வையுங்கள். மிளகாய், தக்காளி, சுட்ட வெங்காயம், தோலுரித்த பூண்டு, மசாலா, சிபோட்லே, ஓரிகானோ, வினிகர் எல்லாவற்றையும் எடுத்துவைத்த தண்ணீரில் கொஞ்சமாக விட்டு மிக்ஸியில் நைசாக அரையுங்கள். பிறகு வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து இறக்க வேண்டும். குவாஹியோவின் தோல் பிடிவாதக்காரத் தோல், எவ்வளவு அரைத்தாலும் பிளாஸ்டிக் தாள் மாதிரி சுருண்டு பல்லில் மாட்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்பட்டு விட்டவர்கள் அடுத்த தடவை விடமாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள்: இந்த இடத்தில் கை தானாக மல்லித்தூளையும் கரம் மசாலாவையும் தேடும். வேண்டாம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நம் வீட்டுக் கறியாகிவிடும்.

சிவக்க வைத்தல்

இரும்பு வாணலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும், கறியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், அசைக்காமல். கரும்பழுப்பாகச் சிவக்க வேண்டும். உள்ளே வேகவேண்டிய அவசியம் இல்லை. ஸ்லோ குக்கருக்குள் ஈரச்சூடு மட்டும்தான் இருக்கும், அங்கே எதுவும் சிவக்காது. சிவந்த ருசி வேண்டுமென்றால் அதை இங்கேயே சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

கறியைக் குக்கருக்கு மாற்றிவிட்டு, மீதி வெங்காயத்தை அதே வாணலியில் வதக்கி, விழுதை ஊற்றுங்கள். தெறிக்கும், தள்ளி நில்லுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் பச்சை வாசனை போய், நிறம் ஒரு சுற்று கருத்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும். மீதமிருக்கும் தண்ணீரை விட்டு அடியில் ஒட்டியதைச் சுரண்டி, எல்லாவற்றையும் கறிமேல் ஊற்றிப் பிரிஞ்சி இலையைச் செருகுங்கள்.

கறி முழுக்க மூழ்கவில்லையே என்று தோன்றும். மூழ்கத் தேவையில்லை. மூடி இறுக்கமாக இருப்பதால் ஆவி வெளியே போகாது, கறியும் தன் சாற்றை விடும். நான் ஒரு தடவை பயந்து மூன்று கப் ஊற்றி, முடிவில் ரசத்தில் கறி மிதந்தது.

மூடிவிட்டு விலகிப் போங்கள்

‘லோ’வில் 8 முதல் 10 மணி நேரம், ‘ஹை’யில் 5 முதல் 6 மணி நேரம். பெரும்பாலான குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போய்ச் சேரும், அங்கே போகும் வேகம்தான் வேறு. நேரம் இருந்தால் நான் லோ பக்கம். இரவு பத்து மணிக்குப் போட்டால் காலையில் வீடு முழுக்க மணத்தோடு எழலாம். அந்தத் தூக்கம் நல்ல தூக்கமாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பசிக்கும்.

மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சேர்ந்த சூடு வெளியேறி, திரும்ப ஏற இருபது நிமிடமாவது பிடிக்கும்.

இந்தச் சட்டியின் கதையும் காத்திருப்பில் பிறந்ததுதான். இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யூதர்களின் ஓய்வுநாளில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதால், முந்தைய மாலையே பேக்கரி அடுப்பின் தணலில் வைத்து மறுநாள் எடுக்கும் ‘சோலண்ட்’ என்ற பயறும் கறியும் கலந்த உணவைப் பற்றித் தாய் சொன்னதுதான் அவருக்குத் தூண்டுதல். ‘க்ராக்-பாட்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது 1971-ல்.

பிய்த்தல்

‘லோ’வில் எட்டு மணி நேரம், ‘ஹை’யில் ஐந்து மணி நேரம் ஆனதும் பெரிய துண்டில் முள்கரண்டியைக் குத்தி லேசாகத் திருகுங்கள். எதிர்ப்பில்லாமல் பிரிந்தால் தயார். இழுபறி என்றால் மூடுங்கள், இன்னும் ஒரு மணி நேரம். விருந்தாளி வாசலில் நின்றாலும் சரி, வேறு வழி கிடையாது.

வெந்த துண்டுகளைத் தட்டுக்கு எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, இரண்டு முள்கரண்டியால் இழையின் போக்கிலேயே பிரியுங்கள். ரொம்பப் பொடியாக வேண்டாம், விரல் நீளத்துக்கு நார் இருந்தால் வாயில் நன்றாக இருக்கும். கொழகொழவென்று கிடக்கும் கொழுப்புக் கட்டிகளை ஒதுக்குங்கள்.

சாற்றில் மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயைக் கரண்டியால் எடுத்துத் தனியாக வையுங்கள், கொட்டாதீர்கள். மிச்சச் சாற்றை வாணலியில் ஊற்றி, கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம்வரை சுண்டவைத்து, கறியை அதில் புரட்டுங்கள். உப்பு பார்த்து, கடைசியில் அரை எலுமிச்சைச் சாறு. இந்தப் புளிப்பு இல்லாவிட்டால் எல்லாமே மந்தமாக இருக்கும்.

சாப்பிடும்போது

மக்காச்சோள டோர்ட்டியாவை, அதாவது மெக்சிகோவின் மெல்லிய வட்ட ரொட்டியை, வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தட்டலாம் என்று சாதாரண மக்காச்சோள மாவை எடுத்தால் உடைந்து உதிரும். டோர்ட்டியாவுக்கான மாவு, சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்து அரைப்பது. அந்தச் சுண்ணாம்புதான் மாவுக்குப் பிசுக்கும் மணமும் கொடுப்பது.

எடுத்துவைத்த சிவப்பு எண்ணெயைத் தோசைக்கல்லில் தடவி, டோர்ட்டியாவை இரண்டு பக்கமும் சூடாக்குங்கள். பக்கத்திலேயே ஒரு கை கறியைப் பரப்பி, ஓரம் மொறுமொறுக்கும்வரை விடுங்கள். கறியை டோர்ட்டியாவில் வைத்து டாக்கோவாக மடித்து, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. சீஸ், லெட்டூஸ் எல்லாம் எல்லைக்கு வடக்கத்திய அலங்காரம். போட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள் கறியைப் பாதி அளவுத் துண்டுகளாக்கி, அதே விழுதோடு பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறுதீயில் 50 நிமிடம் வைக்கலாம். தண்ணீரை மட்டும் ஒன்றரைக் கப் ஆக்குங்கள், இல்லாவிட்டால் அடிபிடிக்கும்.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். சாற்றோடு சேர்த்து வைத்தால்தான் வறளாது. மறுநாள் காலை ஒரு கை எடுத்து வெங்காயம், பச்சைமிளகாயோடு வதக்கி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். வடமேற்கு மெக்சிகோவின் சொனோரா பக்கத்தில் உலர்த்திய மாட்டுக்கறியில் இதே மாதிரி காலைச் சாப்பாடு உண்டு, மச்சாகா என்பார்கள். எங்கள் வீட்டில் முதல் நாள் டாக்கோவைவிட இந்த முட்டைக்குத்தான் சண்டை நடக்கிறது.