உடம்பு ஒத்துழைக்காதபோது ஊறுகாய், வற்றல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சித்திரையில் எதிர்வீட்டுப் பெண் ஒரு சாக்கு மாங்காயுடன் வந்து நின்றார். அவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. "அக்கா, கிலோ 20 ரூபாய்க்குக் கொடுத்தான். எட்டுக் கிலோ வாங்கிவிட்டேன். நீங்கள் பக்குவம் மட்டும் சொல்லுங்கள்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. முடக்குவாதம் வந்த புதிதில் நானும் இதே சாக்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஈரக் கரண்டி, துடைக்காத ஜாடி போன்றவற்றை எந்த வீட்டிலும் பெரியவர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். முட்டியோ முதுகோ விரலோ சரியில்லாதவர்கள் செய்யும் தவறுகளை யாரும் சொல்வதில்லை. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

மலிவைப் பார்த்து அளவை முடிவு செய்வது

அன்று நான் வாங்கியது பத்துக் கிலோ கிளிமூக்கு மாங்காய். நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம் எல்லாம் அந்த அளவுக்கே தயார். முதலில் மொத்தத்தையும் வெட்டி முடித்துவிட்டு, பிறகு உப்புப் போடலாம் என்று உட்கார்ந்தேன். அப்படித்தான் என் மாமியார் செய்வார். ஆறாவது கிலோவில் விரல்கள் மடங்கவில்லை. கத்தியைப் பிடிக்க முடியவில்லை. துண்டுகளை அப்படியே ஒரு வேட்டியால் மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் துண்டுகள் நீர் விட்டுக் கொழகொழவென்று இருந்தன. லேசான புளித்த வாடை. கொட்ட மனம் வரவில்லை. அதிலேயே எண்ணெயும் காரமும் கலந்து ஜாடியில் அடைத்தேன். மூன்றாம் வாரம் இரண்டு ஜாடியிலும் பூஞ்சை. மாங்காய் போனது பெரிதில்லை. மூன்று லிட்டர் நல்லெண்ணெயும் ஒரு வருடத்து மிளகாய்த்தூளும் குப்பைக்குப் போயின. அதற்குப் பிறகு பத்து நாள் கை வீங்கிக் கிடந்தேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது, ஏனென்றால் அது முழுக்கத் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம்.

முழுக்காய் நிழலில் ஓரிரு நாள் காத்திருக்கும். வெட்டிய துண்டு காத்திருக்காது. வெட்டுவாயில் கசியும் சாற்றில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கிவிடும்; அதை நிறுத்துவது உப்புதான். ஆகவே உப்பை முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மாங்காய்க்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு. ஒரு காயை வெட்டித் துடைத்ததும் அதன் துண்டுகள் உப்பில் விழுந்துவிட வேண்டும். பிறகுதான் அடுத்த காய். இப்படிச் செய்தால் எந்தக் காயோடு கை ஓய்ந்தாலும் வெட்டிய வரைக்கும் பத்திரம். மீதியை நாளைக்கு வெட்டலாம்.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க, முதல் முறை அரைக் கிலோ போதும். வெட்டும்போது வலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுநாள் காலை விரல் மடங்குகிறதா, முதுகு நிமிர்கிறதா என்று பாருங்கள். என் அளவு ஒன்றரைக் கிலோ. மாங்காய் ஆனி வரை வரும். வாரம் ஒரு கிலோ போட்டாலும் வருடத்துக்குப் போதுமானது சேர்ந்துவிடும். பல சந்தைகளில் ஊறுகாய்க்கு வெட்டியே தருகிறார்கள். அந்தக் காசைக் கொடுக்கத் தயங்காதீர்கள், ஆனால் வீட்டுக்கு வந்தவுடன் உப்பில் சேருங்கள்.

எதிர்வீட்டுப் பெண் கொண்டுவந்த எட்டுக் கிலோவை அன்றே நான்கு வீடுகளுக்குப் பிரித்தோம். அவரிடம் இரண்டு கிலோ நின்றது. அதையும் இரண்டு நாளாகத்தான் வெட்டவிட்டேன்.

யாராவது உதவிக்கு வருவார்கள் என்று நம்புவது

அவர்கள் வராவிட்டாலும் முடிகிற அளவுக்கு வாங்குங்கள்.

காலை வெயிலுக்காகக் காலையில் வேலையைத் தொடங்குவது

முடக்குவாதக்காரர்கள் பலருக்கு எழுந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் விறைத்தே இருக்கும். அந்த நேரத்தில் மிளகாய் கீறினால் கையைத்தான் கீறிக்கொள்வீர்கள். மோர் மிளகாயோ சுண்டைக்காயோ, கீறுவது, நசுக்குவது, உப்பிட்ட தயிரில் ஊறவைப்பது எல்லாம் முந்தின நாள் மாலையே முடியட்டும். காலையில் தட்டில் பரப்பும் வேலை மட்டும் மீதி இருக்க வேண்டும். மாடி ஏறவும் வேண்டாம். பால்கனியில் ஒரு நாற்காலி, அதன்மேல் தாம்பாளம், மூட ஒரு மெல்லிய துணி போதும். இடையில் ஒரு நாள் உடம்பு முடியாவிட்டால் மிளகாயைத் தயிரோடு குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அரைகுறை ஈரத்தோடு வெளியே விடாதீர்கள். ஒடித்தால் சட்டென்று ஒடிகிற வரை அது வற்றல் ஆகவில்லை.

உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைப்பது

தினமும் உரிக்க முடியாதவர்கள் அதிகம் செய்வது இது. மிகவும் ஆபத்தானதும் இதுதான். புளிப்பில்லாத பூண்டும் காற்றுப் புகாத எண்ணெயும் சேர்ந்தால் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாடையிலோ நிறத்திலோ அது தெரியாமல் போகலாம். 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் வைத்த பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். உரித்த பூண்டை உறைபெட்டியில் வையுங்கள். கொஞ்சம் மென்மையாகும், குழம்புக்கு ஒன்றும் குறையாது.

ரத்த அழுத்தத்துக்காக ஜாடியில் உப்பைக் குறைப்பது

பூஞ்சை பிடிக்கும். உப்பை அப்படியே போட்டுவிட்டு, தட்டில் வைக்கும் துண்டைச் சிறிதாக்குங்கள்.

பூஞ்சையை மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடுவது

வேண்டாம். முழுவதையும் கொட்டுங்கள்.

பெரிய ஜாடி

உப்பில் போட்ட முதல் சில நாள் மாங்காயைத் தினமும் குலுக்கிவிட வேண்டும். பத்து லிட்டர் பீங்கான் ஜாடியை நம்மால் அசைக்க முடியாது. குலுக்காத நாளில் மேல் துண்டுகள் உப்புநீர் படாமல் காய்ந்து, அங்கிருந்துதான் கெடுதல் தொடங்கும். அரைக் கிலோ கொள்ளும் அகல வாய்க் கண்ணாடிப் பாட்டில்கள் நான்கு வாங்குங்கள். பரணிலும் வேண்டாம், தரையிலும் வேண்டாம். இடுப்பு உயரத்தில் வையுங்கள். துணி கட்டினால் முடிச்சுப் போடாமல் ரப்பர் வளையம் மாட்டுங்கள், விரலுக்கு எளிது.