சர்நேம் ஒன்றாக இருந்தால் போதுமா? கேடயச் சின்னம் விஷயத்தில் பலரும் செய்யும் தவறுகள்

லண்டனிலோ டப்ளினிலோ நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்தால், சர்நேம் வாரியாக அடுக்கிய சாவிக்கொத்தும் காபி கோப்பையும் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கேடயம், சிங்கமோ கழுகோ, கீழே பெயர். வாங்குங்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதை "எங்கள் குடும்பச் சின்னம்" என்று நம்பி வீட்டுச் சுவரில் மாட்டினால் அதுதான் முதல் தவறு.

இங்கிலாந்தில் கேடயச் சின்னம் (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) சர்நேமுக்குக் கொடுக்கப்படுவதே இல்லை. ஒரு ஆளுக்குத்தான் கொடுப்பார்கள், அவருக்குப் பிறகு அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். ஷேக்ஸ்பியர் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கையுறை செய்து விற்ற அப்பா ஜான் ஷேக்ஸ்பியருக்கு 1596 அக்டோபரில் சின்னம் கிடைத்தது: தங்க நிறக் கேடயம், சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, அதன்மேல் ஈட்டி. வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தான். அதனால் இன்றைக்கு ஷேக்ஸ்பியர் என்ற சர்நேமோடு யார் வந்து "நான் அவர் வழி, இது என் சின்னம்" என்றாலும், வில்லியமிடமிருந்து வரும் ஆண்வழியே கிடையாது என்பதால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் இன்னும் கறார்: ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் ஒரு சின்னம், தம்பிக்கு வேண்டுமென்றால் சிறு மாற்றம் செய்து தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதை விசாரிக்கவே லார்ட் லயன் நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது.

சரி, சின்னம் ஒன்றாக இருந்தாலாவது குடும்பம் ஒன்றா? அதுவும் இல்லை. 1385இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்துமீது படையெடுத்தபோது, ஸ்க்ரோப், குரோவ்னர் என்ற இரண்டு பேர் ஒரே சின்னத்தோடு (நீலத்தில் தங்கச் சாய்பட்டை) வந்து நின்றார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. சாட்சிக் கூண்டு ஏறியவர்களில் கவிஞர் ஜெஃப்ரி சாசரும் ஒருவர். லண்டன் ஃப்ரைடே தெருவில் நடந்து போகும்போது ஒரு பலகையில் இந்தச் சின்னத்தைப் பார்த்து, "ஸ்க்ரோப் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி எது?" என்று கேட்டாராம். இல்லை ஐயா, இது செஷயர்க்காரர் குரோவ்னருடையது என்று பதில் வந்தது, அந்தப் பெயரை அன்றுதான் முதலில் கேள்விப்பட்டேன் என்று சாசர் சாட்சி சொன்னார். கடைசியில் ஸ்க்ரோப் ஜெயித்தார். ஒரு பட்டைக்கு இவ்வளவு ரகளை!

சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம் என்று வண்ணத்துக்கு அர்த்தம் சொல்லும் அட்டவணைகளையும் நம்ப வேண்டாம், அவையெல்லாம் பிற்காலத்தவர் ஒட்டவைத்தவை. தங்கத்தின்மேல் வெள்ளி கூடாது, அடர் நிறத்தின்மேல் அடர் நிறம் கூடாது என்ற பழைய விதி, தூரத்திலிருந்தும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற கணக்குதான்.

சர்நேம் பக்கம் வந்தால், ஸ்மித் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்ற நினைப்பு. ஸ்மித் என்றால் கொல்லன், கொல்லன் இல்லாத ஊர் ஏது? ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்த பெயர் அது. வேல்ஸில் இன்னும் சிக்கல்: அங்கே நெடுங்காலம் அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டார்கள், ஹைவெலின் மகன் என்ற 'அப் ஹைவெல்' பிறகு பவெல் ஆனது, ஹைவெல் என்ற பெயரில் எத்தனை அப்பாக்கள் இருந்திருப்பார்கள்! எழுத்துக்கூட்டு வேறாக இருக்கிறதே என்று ஒரு பதிவேட்டை ஒதுக்குவதும் தவறு. ஷேக்ஸ்பியரின் கையெழுத்துகளிலேயே அவர் பெயர் ஒரே மாதிரி இல்லை. "எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்" என்பது அமெரிக்கக் குடும்பங்களின் பிடித்தமான கதை; கப்பலில் குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க் துறைமுகத் தீவு அது. அங்கிருந்த அதிகாரிகள் கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்தில் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் பிறகு மாற்றிக்கொண்டது அவரவர்தான்.

நம் முத்துக்குளித்துறைக்கும் இது பொருந்தும். தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் ஃபெர்னாண்டோ போன்ற பெயர்கள் 16ஆம் நூற்றாண்டில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றதோடு வந்தவை, அதை வைத்து போர்த்துகீசியப் பிரபுவின் கேடயத்தைத் தேடுவது வீண்.

உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் உங்களிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: பிறப்புச் சான்று, தேவாலயப் பதிவேடு, உயில். ஆங்கிலேய வம்சாவளி என்றால் அப்புறம்தான் 1484இல் தொடங்கிய, கேடயச் சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும் லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ். சர்நேம் மட்டும் சொன்னால் அவர்களுக்குப் போதாது, யார் யாருக்கு மகன் என்ற வரிசையைத்தான் கேட்பார்கள்.